டயரில் காற்றை இறக்க எந்தக் கருவி?

மணல் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு உள்ளே போகிறவர்கள் குறைவு. அச்சு வரை புதைந்த பிறகு, சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்டி, வால்வைத் தேடிப்பிடித்துக் காற்றை இறக்குகிறவர்கள்தான் அதிகம். இறக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் முன்பே தெரியும். கையில் இருப்பது சாவி முனையோ சிறு குச்சியோ என்றால், பெரிய டயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று நான்கு நிமிடம் வால்வை அழுத்திக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். வெயிலில் அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ‘கொஞ்ச தூரம்தானே, போய்ப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள்.

அதனால் இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இது கையில் இருந்தால் வண்டியை நிறுத்திக் காற்றை இறக்கத் தோன்றுமா, தள்ளிப்போடத் தோன்றுமா? அடுத்தது, அது காட்டும் எண்ணை நம்பலாமா? மற்றதெல்லாம் இவை இரண்டுக்கும் பிறகுதான்.

எவ்வளவு இறக்குவது

ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்று இருக்கும்போது, அந்தப் பாரத்தைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 240 சதுர சென்டிமீட்டர் படிந்தால் போதும். 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 570 சதுர சென்டிமீட்டர் வேண்டும். டயரின் பக்கச்சுவரும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமப்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் தடம் இரு மடங்கைத் தொட்டுவிடும். இந்தத் தடம் பெரும்பாலும் நீளத்தில்தான் கூடுகிறது, அகலத்தில் கூடுவது கொஞ்சம்தான். டாங்கியின் சங்கிலித் தடம் போல டயர் நீளமாகப் படிந்து மணலின் மேல் ஊர்ந்து போகிறது. காற்று நிறைந்த டயர் அதே மணலில் பள்ளம் தோண்டிக்கொண்டு, தான் தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறவே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1920களின் கடைசியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தைக் கார்களில் கடந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்டும் அவருடைய தோழர்களும் டயர் அழுத்தத்தைக் குறைத்துத்தான் மணல்மேடுகளில் ஏறினார்கள். இரண்டாம் உலகப் போரில் நீரிலும் நிலத்திலும் ஓடிய ‘டக்’ லாரியில், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே டயர் அழுத்தத்தை ஏற்றி இறக்க முடிந்தது. நம் வண்டிகளில் அந்த வசதி இல்லை. அதனால்தான் கையில் ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

சாலையில் 35 வைத்து ஓட்டும் நடுத்தர எடையுள்ள ஃபோர் வீல் வண்டிக்கு, சரளைப் பாதையில் 26 முதல் 28, கல்லும் பாறையும் நிறைந்த தடத்தில் 20 முதல் 24, மணலில் 15 முதல் 18 என்று தொடங்கலாம். மாவு போன்ற மணல் என்றால் 12 வரை இறங்கலாம். அதற்குக் கீழே போவது புதைந்த வண்டியை வெளியே எடுக்க மட்டும்தான். எடுத்தவுடன் மறுபடி ஏற்றிவிட வேண்டும். காற்று குறைந்த டயர் திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும், சக்கரத்தை வேகமாக ஒடித்துத் திருப்பினால் இன்னும் சுலபமாகக் கழலும். வேகமும் முக்கியம். 15 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. வேகம் கூடினால் அந்த மடிப்பிலேயே சூடேறி உள்ளிருக்கும் இழைகள் விட்டுப்போகும். ட்யூப் உள்ள டயரில் இன்னொரு தொல்லை உண்டு: டயர் ரிம்மின் மேல் வழுக்கினால் ட்யூபும் கூடவே இழுபட்டு, வால்வு ஒட்டியிருக்கும் இடத்தில் கிழிந்துவிடும். ட்யூப் டயரில் 18க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பாரம் ஏற்றிய வண்டியில் பின் டயருக்கு முன் டயரைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள். சில கருவிகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

வால்வுக்குள் இருக்கும் தடை

கார், பைக், லாரி எல்லாவற்றிலும் இருப்பது 1890களிலிருந்து வழக்கத்தில் உள்ள ஷ்ரேடர் வால்வுதான். வெளியே மரையுள்ள தண்டு. அதற்குள் திருகி உட்கார்ந்திருக்கும் சிறு பித்தளைப் பாகத்தைப் பஞ்சர் கடையில் ‘வால்வு பின்’ என்பார்கள். அந்தப் பின்னின் நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. கம்பியை அழுத்தினால் அடியில் உள்ள ரப்பர் அடைப்பு விலகிக் காற்று வெளியே வரும்.

சிக்கல் இங்கேதான். அடைப்பு விலகினாலும் கம்பி, ஸ்பிரிங், பின்னின் உடம்பு எல்லாம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. காற்று போவது கம்பியைச் சுற்றியுள்ள மெல்லிய வளைய இடுக்கு வழியாகத்தான். பின்னையே முழுதாகக் கழற்றி வெளியே எடுத்துவிட்டால் தண்டின் முழு ஓட்டையும் திறந்துகொள்ளும். காற்று பல மடங்கு வேகமாக வரும். காற்றிறக்கும் கருவிகள் எல்லாவற்றையும் இதை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம்: பின்னை உள்ளே விட்டுவிட்டு இறக்குபவை, பின்னை வெளியே எடுத்து இறக்குபவை. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

காற்று இறங்க இறங்க வேகமும் குறையும். டயருக்குள் ஏறத்தாழ 13 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும் வரை, காற்று அந்தச் சிறு ஓட்டையில் ஒலியின் வேகத்தை எட்டி வெளியேறுகிறது. ஒரு நொடியில் போகும் காற்றின் அளவு உள்ளே மிச்சமிருக்கும் மொத்த அழுத்தத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 35இலிருந்து 25க்கு இறங்க ஆகும் நேரத்தைவிட, 25இலிருந்து 15க்கு இறங்க ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடுதலாகிறது. 13க்குக் கீழே இன்னும் மந்தமாகும். அதனால்தான் பாதி வேலை முடிந்ததும் ‘இதற்கு மேல் போகவே மாட்டேன் என்கிறதே’ என்று தோன்றும். கருவி பழுதாகவில்லை, காற்றின் இயல்பே அப்படி.

எளியவை

குச்சி அல்லது சாவி. செலவில்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. அவசரத்துக்கு எப்போதும் இருக்கட்டும். ஆனால் இதை மட்டும் நம்பினால் அழுத்தத்தை அளக்கும் கேஜ் தனியாக வேண்டும், விரலும் வலிக்கும். கம்பியைச் சாய்வாக அழுத்தினால் அது வளைந்து, பிறகு முழுதாக மூடாமல் கசியத் தொடங்கும். ஆணி கொண்டு குத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

கேஜோடு சேர்ந்த பொத்தான் வகையும் பின்னை உள்ளே விட்டுத்தான் இறக்குகிறது. ஒரு கையால் வால்வில் அழுத்திப் பிடித்து, பொத்தானை அமுக்கினால் காற்று போகும், விட்டால் முள் அழுத்தத்தைக் காட்டும். சின்ன டயர் உள்ள வண்டிக்கும், ஐந்தாறு பி.எஸ்.ஐ. மட்டும் இறக்க வேண்டிய சரளைப் பாதைக்கும் இது போதும்.

தானே நிற்பவை

பித்தளையில் விரல் நீளத்துக்கு இருக்கும், நான்கு சேர்ந்த தொகுப்பாக வரும். ஸ்டான், கொயோட்டி போன்ற பெயர்கள் இந்த வகையில்தான் பழக்கமானவை. வால்வில் திருகினால் உள்ளிருக்கும் முள் கம்பியை அழுத்திப் பிடிக்கும். காற்று உள்ளே வந்து ஸ்பிரிங்கை எதிர்த்து ஒரு பிஸ்டனைத் தூக்கி வெளியேறும். டயரின் அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்துக்குக் கீழே வந்ததும் பிஸ்டன் இறங்கி மூடிக்கொள்ளும். நான்கையும் மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பதே இதன் அழகு. நேரம் என்று பார்த்தால் ஒரு டயருக்குப் பல நிமிடம் ஆகும், ஆனால் நான்கும் ஒரே சமயத்தில் நடப்பதால் மொத்தத்தில் கைவிரல் முறையைவிடச் சீக்கிரம் முடியும்.

வேண்டிய அளவை முன்கூட்டியே செட் செய்ய வேண்டும். நம்பகமான ஒரு கேஜால் டயரை 18க்குக் கொண்டுவந்து, கருவியைத் திருகி மாட்டி, பூட்டு நட்டைத் தளர்த்தி, காற்று சீறும் வரை தலையைத் தளர்த்தி, பிறகு சீறல் சரியாக நிற்கும் வரை மெல்ல இறுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நட்டைப் பூட்டிவிட வேண்டும். நான்கையும் இப்படி ஒரே டயரில் செட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கேஜால் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செட் செய்யும்போதே டயரிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும்.

குறைகளும் உண்டு. இன்று மணல், நாளை பாறை என்றால் 18க்கு வைத்ததை 22க்கு மாற்ற மறுபடி இந்தச் சடங்கு முழுவதும். பின் டயருக்கு வேறு அளவு வேண்டுமென்றால் இரண்டை ஒரு அளவுக்கும் இரண்டை வேறு அளவுக்கும் வைத்து வர்ணம் பூசி அடையாளம் வைக்க வேண்டும். பிஸ்டன் உட்காரும் இடத்தில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், அது மூடவே மூடாது. நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வரும்போது அந்த ஒரு டயர் மட்டும் தரையில் படுத்திருக்கும். சில வால்வு பின்களில் கம்பி சற்று உள்ளே தாழ்ந்து இருக்கும். அங்கே கருவியின் முள் எட்டாது, காற்று வரவே வராது. வாங்கியதும் உங்கள் வண்டியின் ஐந்து வால்விலும், ஸ்டெப்னியையும் சேர்த்து, ஒரு முறை மாட்டிப் பாருங்கள். மாட்டிவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டே இறக்கலாம் என்கிறார்கள். வேண்டாம். சுழலும் சக்கரத்தில், ரப்பர் தண்டின் நுனியில், பித்தளைக் கட்டி ஒன்றைத் தொங்கவிடுவது தண்டின் அடியைத்தான் அறுக்கும்.

எப்போதும் ஒரே வகை நிலத்துக்கு, ஒரே பாரத்தோடு போகிறவர்களுக்கு இது மிக நல்ல கருவி. நிலம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்னைக் கழற்றும் வகை

ஒரே ஒரு கருவிதான் வாங்குவேன் என்றால் இந்த வகையைத்தான் வாங்கச் சொல்வேன். ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் இ-ஸி டிஃப்ளேட்டர் (காற்றிறக்கும் கருவி) இதில் எல்லோரும் அறிந்தது. அதே அமைப்பில் வேறு பலவும் உண்டு. ஒரு பித்தளை உடம்பு, அதன் மேல் சறுக்கும் ஒரு வளையம், பின்னால் இழுத்துத் தள்ளக்கூடிய குமிழோடு ஒரு தண்டு, பக்கத்தில் குழாயோடு ஒரு கேஜ். 265/70 ஆர்17 போன்ற அளவுள்ள டயரை 35இலிருந்து 15க்கு இறக்க ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் ஆகும். எந்த எண்ணிலும் நிறுத்தலாம். முன்னால் 16, பின்னால் 19 என்று வைக்க இதைவிடச் சுலபமான வழியில்லை.

பழகாதவர்கள் தப்பு செய்யும் கருவியும் இதுதான். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். நகத்தால் கம்பியை ஒரு நொடி அழுத்துங்கள். வால்வின் வாயில் ஒட்டியிருக்கும் மணல் காற்றோடு பறந்துவிடும். இதைச் செய்யாமல் பின்னைத் திருகினால் அந்த மணல் பின்னின் அடைப்பில் போய் உட்காரும், சாயங்காலம் டயர் காலியாகும். அடுத்து, குமிழை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, வளையத்தை மூடிய நிலையில் வைத்து, கருவியை வால்வில் விரலால் மட்டும் மூன்று நான்கு சுற்றுத் திருகுங்கள். முதல் சுற்றிலேயே இறுக்கமாக இருந்தால் மரை குறுக்கே ஏறியிருக்கிறது. கழற்றி மறுபடி நேராக வையுங்கள். வால்வின் தண்டு ரப்பர் என்றால் இன்னொரு கையால் அடியில் பிடித்துக்கொள்வது அவசியம். கருவியின் எடை முழுதும் ரப்பரில் தொங்கினால் அதன் அடி வெடிப்பு விடும், பழைய ரப்பர் என்றால் அறுந்தே போகும்.

இப்போது குமிழை உள்ளே தள்ளி மெல்லத் திருப்புங்கள். நுனி பின்னின் தலையில் உள்ள தட்டையான இரு பக்கங்களையும் கவ்வும்போது விரலுக்கே தெரியும்: வழுக்கிக்கொண்டிருந்தது சட்டென்று பிடித்துக்கொள்ளும். இடப்புறமாக நாலைந்து சுற்று. கடைசி மரை விடும் கணத்தில் உள்ளிருக்கும் காற்று பின்னையும் குமிழின் தண்டையும் சேர்த்து உங்கள் உள்ளங்கையை நோக்கி உதைக்கும். முகத்தைக் குமிழுக்கு நேரே வைக்காதீர்கள். உதைத்ததும் குமிழைப் பின்னுக்கு முழுதாக இழுத்துவிடுங்கள். வால்வு பின் கருவிக்குள் பத்திரமாக இருக்கும். கேஜில் அழுத்தம் தெரியும்.

வளையத்தைச் சறுக்கித் திறந்தால் காற்று சீறி வெளியேறும். சீறும்போது கேஜைப் பார்த்துப் பயனில்லை. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டிலேயே அழுத்தம் விழுந்துவிடுவதால் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மனதில் பத்து எண்ணி, வளையத்தை மூடி, முள் நின்றதும் படியுங்கள். பத்து எண்ணிக்கைக்கு எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிட்டால் மீதிக்கு எத்தனை எண்ண வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இலக்கை நெருங்க நெருங்கச் சற்றுக் கூடுதலாக எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

இலக்கை எட்டியதும் குமிழைத் தள்ளி வலப்புறம் திருகுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பின் மரையில் நேராக ஏறுகிறதா என்று பார்க்க முதலில் அரைச் சுற்று இடப்புறம் திருப்பினால் மரையின் தொடக்கம் ‘டிக்’ என்று விழுவது தெரியும், பிறகு வலப்புறம். நின்றபின் விரல் நுனி பலத்துக்கு மேல் இறுக்காதீர்கள். பின் மிகச் சிறியது, அதிகமாக இறுக்கினால் அதன் கழுத்தில் உள்ள அடைப்பு பிதுங்கிவிடும், சில சமயம் பின்னே முறியும்.

கருவியைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை, பலரும் விட்டுவிடுவது: வளையத்தை மறுபடி திறந்து பாருங்கள். கருவிக்குள் தேங்கியிருந்த காற்று ‘புஸ்’ என்று ஒரு முறை போய் அமைதியானால் பின் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சீறல் நிற்காமல் தொடர்ந்தால் உட்காரவில்லை. மூடிவிட்டு மறுபடி இறுக்குங்கள். இதைப் பார்க்காமல் கருவியைக் கழற்றினால் பின் எகிறி மணலில் விழும். அந்தச் சிறு பித்தளையை மணலில் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். கருவியோடு பத்து வால்வு பின்னும், அதைத் திருக ஒரு சின்னச் சாவியும், உள்ளே ரப்பர் வைத்த உலோக மூடிகளும் ஒரு டப்பாவில் இருக்கட்டும். பின் தொலைந்து வேறு இல்லையென்றால்கூட, ரப்பர் வைத்த மூடி கொஞ்ச நேரம் காற்றைத் தாங்கும்.

கழற்றியதும் வால்வின் வாயில் எச்சில் ஒரு சொட்டு. குமிழி வராவிட்டால் மூடியைப் போடலாம்.

டயர் அழுத்தத்தைத் தானே சொல்லும் டி.பி.எம்.எஸ். சென்சார் உள்ள சக்கரங்கள் பலவற்றில் தண்டு அலுமினியமாக இருக்கும். அதில் நிக்கல் பூசிய வால்வு பின்னைத்தான் போட வேண்டும். வெறும் பித்தளைப் பின்னும் பித்தளை மூடியும் அலுமினியத்தோடு சேர்ந்து நாளடைவில் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கருவியால் திருகும்போது தண்டோடு முறிந்துவரும். மாற்றுப் பின்களை வாங்கும்போதே நிக்கல் பூசியதாக வாங்கிவிட்டால் இரண்டு வகைச் சக்கரத்துக்கும் ஆகும். காற்றை இறக்கியதும் எச்சரிக்கை விளக்கு எரியும், அது இயல்பு.

கருவிக்குள் இரண்டு மூன்று ஓரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கும். அவை காய்ந்தால் குமிழ் இறுகும், வளையத்தின் ஓரமாகக் காற்று கசியும். வருடத்துக்கு இரண்டு முறை சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். கண்டபடி பூசினால் மணல் ஒட்டும். பஞ்சருக்காக டயருக்குள் பசை மருந்து ஊற்றியிருந்தால் வால்வை மேல் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறக்குங்கள். கீழே இருந்தால் மருந்து காற்றோடு வந்து கருவியையும் கேஜையும் அடைத்துவிடும். பிறகு அதைச் சுத்தம் செய்வதைவிடப் புதிதாக வாங்குவது சுலபம்.

நான்கையும் இணைக்கும் குழாய்

நான்கு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் குழாய் மாட்டி, நடுவில் ஒரு கேஜும் திறப்பும் வைத்த தொகுப்புகள் இப்போது பரவியிருக்கின்றன. இவை பின்னைக் கழற்றுவதில்லை, ஆனால் நான்கு வால்வும் சேர்ந்து திறப்பதால் நேரம் மிச்சம். நான்கு டயரிலும் ஒரே அழுத்தம் தானாக வந்துவிடும். அதைவிடப் பெரிய பயன், திரும்பக் காற்றடிக்கும்போதும் இதே குழாய் உதவுகிறது. கம்ப்ரசரை ஒரு முறை மாட்டினால் போதும்.

முன்னும் பின்னும் வேறு அளவு வேண்டுமென்றால் நான்கையும் ஒன்றாக வைக்க முடியாது. நடுவில் பிரிக்கும் திறப்பு உள்ள தொகுப்பாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் முதலில் பின் டயரின் அளவுக்கு நான்கையும் இறக்கி, பின் குழாய்களைக் கழற்றிவிட்டு முன் டயரை மட்டும் மேலும் இறக்க வேண்டும். குழாயின் நுனியில் உள்ள கவ்விகள்தான் முதலில் தேயும். ஒன்று நழுவினால் நான்கு டயரின் காற்றும் அந்த வழியாகப் போகும், அதனால் மாட்டிவிட்டு அகன்றுவிடாதீர்கள். குழாய் மாட்டியிருக்கும்போதே வண்டியைக் கிளப்பிவிடுவதும் நடக்கிறது. மாட்டும் முன் சாவியை எடுத்துக் குழாய்ப் பையில் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை வராது.

ரிம்மில் தனியாக ஒரு துளையிட்டுப் பொருத்தும் பெரிய வால்வுகளும் உண்டு. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அலாய் ரிம்மைத் துளைக்க வேண்டும், துளை தவறான இடத்தில் விழுந்தால் ரிம் போயிற்று. வாரந்தோறும் மணலுக்குப் போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

கேஜை நம்பலாமா

எந்த வகையை வாங்கினாலும் அதன் மதிப்பு கேஜில்தான் இருக்கிறது. முள் கேஜின் துல்லியத்தை முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். சாதாரணத் தரத்தில் அளவின் நடுப் பாதியில் இரண்டு சதவீதமும், இரு ஓரங்களிலும் மூன்று சதவீதமும் பிழை இருக்கலாம். இதன் பொருள் என்ன? 0 முதல் 160 வரை காட்டும் கேஜில் 15 என்பது ஓரத்தில் விழுகிறது; மூன்று சதவீதம் என்றால் ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ. நீங்கள் 15 என்று நினைப்பது 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். 10 என்றால் முதல் திருப்பத்திலேயே டயர் ரிம்மை விட்டு இறங்கக்கூடும். 0 முதல் 60 வரை காட்டும் கேஜில் 15 நடுப் பாதியின் தொடக்கத்தில் விழுகிறது; இரண்டு சதவீதம் என்றால் 1.2 பி.எஸ்.ஐ.தான். அதனால் 60க்கு மேல் போகாத கேஜ் வாங்குங்கள். 0 முதல் 30 வரை உள்ளது இன்னும் துல்லியம்தான், ஆனால் 35 உள்ள சாலை டயரில் அதை மாட்டினால் உள்ளிருக்கும் வளைகுழாய் விரிந்து, பிறகு தப்பாகக் காட்டக்கூடும்.

காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கருவியைப் பெட்டியில் மற்ற இரும்புச் சாமான்களோடு போட்டு உருட்டினால் முள் நகர்ந்துவிடும். தனிப் பையில் வையுங்கள். கம்ப்ரசரில் ஒரு கேஜ், டிஃப்ளேட்டரில் ஒரு கேஜ் என்று இருந்தால் இரண்டையும் ஒரே டயரில் வைத்துப் பார்த்து எவ்வளவு வித்தியாசம் என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு எப்போதும் ஒரே கேஜை நம்புங்கள்.

சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்து டயருக்குள் காற்று 60 டிகிரியில் இருக்கும்போது 18க்கு இறக்கினால், இரவில் அது 30 டிகிரிக்கு ஆறியதும் கேஜ் 15 காட்டும். இரவு தங்கிவிட்டு காலையில் பாறைத் தடத்துக்குப் போகிறீர்கள் என்றால் இந்த மூன்று பி.எஸ்.ஐ. முக்கியம். சூடாக இருக்கும்போது இறக்கினால் இலக்கைவிட இரண்டு மூன்று கூடுதலாக நிறுத்திக்கொள்ளுங்கள். உயரமும் அப்படித்தான்: கடல்மட்டத்தில் 18 வைத்துவிட்டு 3000 மீட்டர் மலைக்கு ஏறினால், வெப்பம் மாறாத பட்சத்தில் கேஜ் 22க்கு மேல் காட்டும், ஏனென்றால் வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே அவ்வளவு குறைந்துவிடுகிறது.

இறக்கியதைத் திரும்ப ஏற்ற வேண்டும்

கம்ப்ரசர் இல்லாமல் டிஃப்ளேட்டர் மட்டும் வாங்குவது பாதி வேலை. மேலே சொன்ன 265/70 ஆர்17 டயரில் ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளளவு இருக்கும். அதில் 20 பி.எஸ்.ஐ. ஏற்ற வெளிக்காற்றில் 90 லிட்டர் வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து 350 லிட்டருக்கு மேல். கம்ப்ரசர் அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற எண், எதிர் அழுத்தமே இல்லாமல் அளந்தது. டயரின் அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு 40 லிட்டர் கொடுத்தால், நான்கையும் ஏற்றி முடிக்க ஒன்பது பத்து நிமிடம் ஓட வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சின்னது இந்த வேலைக்கு நடுவில் சூடேறி நின்றுவிடும். பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்வி மாட்டுவதாகவும், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்று தெளிவாகப் போட்டிருப்பதாகவும் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும்.

காற்றடித்து முடித்து, தார்ச் சாலையில் பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு முறை நிறுத்துங்கள். நான்கு டயரின் பக்கச்சுவரையும் உள் பக்கம் வரை கையால் தடவிப் பாருங்கள். வெட்டோ வீக்கமோ இருந்தால் வேகம் பிடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கேஜை வைத்து நான்கையும் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் இரண்டு பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் பெரும்பாலும் அது பஞ்சராக இருக்காது. மூடியைக் கழற்றி, எச்சில் வைத்து, சின்னச் சாவியால் பின்னைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.